வேர்க்கும் சுவர்

பளபளவென்று எதைப் பார்த்தாலும் எனக்குக் கோட்டு பாய் ஞாபகம்தான் வரும். புது வீட்டுக் கதவாகட்டும், ஷோரூம் கண்ணாடிக்குள் நிற்கும் வண்டியாகட்டும், கல்யாண மேடையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையாகட்டும், அடியில் என்ன இருக்கிறதோ என்று மனசு ஒரு தரம் கேட்டுவிடும். இந்தக் கெட்ட புத்தியை எனக்குக் கொடுத்தவர் அவர்தான்.

ஆம்பூரில் அவர் வீட்டு அண்டர்கிரவுண்டு ரூமில் ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைத்துக்கொண்டிருந்த பெண்களில் நானும் ஒருத்தி. எங்களுக்கு அவர் முகத்துக்கு நேரே பாய், முதுகுக்குப் பின்னால் கோட்டு பாய். மேலே மாட்டிக்கொள்கிற கோட்டு இல்லை, பூசுகிற கோட்டு. தோல் பதனிடுகிற டேனரியில் பினிஷிங் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மாடு உயிரோடிருந்தபோது முள் கீறியது, உண்ணி கடித்தது, மேய்க்கிறவன் சூடு வைத்தது எல்லாம் தோலில் தழும்பாக நிற்கும். சாயமும் பசையும் கலந்து ஸ்பிரே கன்னால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, அந்தத் தழும்பே தெரியாமல் ஆக்குவதுதான் பினிஷிங். அதில் பாய் கில்லாடி, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ரிட்டையர் ஆன பிறகு உலகம் முழுவதையும் தோலாக நினைத்துக்கொண்டதுதான் கோளாறு.

"ஒரு கோட்டு குடுத்தா அடங்கிடும்." எதற்கும் இதுதான் பதில். ஸ்கூட்டர் எங்கேயோ இடித்து நசுங்கினால் தட்டி நிமிர்த்த மாட்டார், நசுங்கலுக்கு மேலேயே கலர் மேட்ச் பண்ணி அடித்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் புது வண்டி, பக்கத்தில் வந்தால் புதுசாகப் பெயிண்ட் அடித்த நசுங்கல். கேட்டில் துரு ஏறினால் துருவின்மேல் ஒரு கோட்டு. தாடிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு கோட்டு. என் மகளுடைய ஸ்கூல் ஷூ முன்பக்கம் உரிந்துபோனபோது, "குடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போய், மறுநாள் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். முதல் மழையில் அடி அட்டை வாயைப் பிளந்துகொண்டது. மேலே மட்டும் அப்போதும் பளபளப்புக் குறையவில்லை.

அந்த அண்டர்கிரவுண்டின் கதையே தனி. பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றும் ஓடாத வருஷங்களில் கட்டிய வீடு அது. கிணறுகள் காய்ந்து கிடந்தன. போர் போட்டால் புகைதான் வந்தது. பூமிக்குள் தண்ணீர் என்று ஒன்று உண்டு என்பதையே ஊர் மறந்துவிட்டிருந்தது. அந்தத் தைரியத்தில் பாய் வீட்டுக்கு அடியில் ஆள் உயரத்துக்கும் மேல் தோண்டி ஒரு ரூம் கட்டினார். ரிட்டையர் ஆனதும் சொந்தமாகத் தோல் வியாபாரம், தோலுக்குக் குளிர்ச்சியான இடம் வேண்டும், இதுதான் திட்டம். வியாபாரம் வரவில்லை. குளிர்ச்சி வந்தது.

சும்மா கிடந்த ரூமில் மிஷின் போட்டவர் அவருடைய வீட்டம்மா. அவர்கள் வீட்டில் அக்காவை ஆப்பா என்பார்கள், எங்களுக்கும் அவர் ஆப்பாதான். ஷூ கம்பெனி வெட்டிக் கொடுக்கிற தோலை அப்பராகத் தைத்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். மிஷின் கம்பெனியுடையது, பொறுப்பு ஆப்பாவுடையது. அந்த வீட்டு அடுப்பு அதில்தான் எரிந்தது. எனக்கும் அது பெரிய விஷயம். இல்லாவிட்டால் விடிவதற்கு முன்னால் மாதனூர் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், மகளை யாரிடம் விடுவது? ஆப்பாவிடம் என்றால் அவள் ஸ்கூல் விட்டதும் நேராக அங்கேயே வந்து மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

நான் சேர்ந்த மறுவருஷம் பாலாறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. ஊரே பாலத்தின்மேல் நின்று செல்பி எடுத்தது. நாங்களும் போய் எடுத்தோம். திரும்பி வந்து படியிறங்கினால், பின்பக்கச் சுவரும் தரையும் சேருகிற மூலையில் கோடு போட்ட மாதிரி ஈரம்.

"பாய், தண்ணி வருது" என்றேன்.

குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். டேனரிக்காரர்கள் எதையும் மோந்து பார்க்காமல் விடமாட்டார்கள்.

"தண்ணி இல்லம்மா. வேர்வை."

"செவுத்துக்கு வேர்க்குமா பாய்?"

"இத்தினி பேர் உள்ள உக்காந்து மூச்சு வுட்டா வேர்க்காம இன்னா பண்ணும்? ஒரு கோட்டு குடுத்தா அடங்கிடும்."

ஆக, ஓதத்துக்குக் காரணம் நாங்கள் மூச்சு விட்டது. அதை நிறுத்தச் சொல்லாமல் விட்டாரே, அதுவே பெரிய மனசு.

மறுநாள் ஸ்பிரே கன்னோடு இறங்கினார். தோலுக்கு அடிக்கிற பசையும் பளபளப்புக்கான லேக்கரும் கலந்து பழுப்பு நிறத்தில் அந்தச் சுவரை அடித்தார் பாருங்கள், அப்படியொரு வேலை. பெரிய ஆபீஸ் சோபா மாதிரி இருந்தது சுவர். சாய்ந்து உட்காரலாம் போல. எங்களுக்குத்தான் மருந்து நெடியில் தலை சுற்றியது. "இப்போ இன்னா சொல்றீங்க?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். சொல்ல வேண்டியதைச் சுவரே சொன்னது.

ஒரு வாரத்தில் அங்கங்கே உப்ப ஆரம்பித்தது. முதலில் அப்பளக் கொப்புளம் அளவு, அப்புறம் பூரி அளவு. உள்ளே தண்ணீர் நிறைந்து தளதளவென்று தொங்கும். எங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. டீ வருகிற நேரத்தில் குத்தூசியை எடுத்து ஒரு பூரியைக் குத்துவோம், சளசளவென்று ஓடும், கீழே பக்கெட் வைப்போம். பாய்க்குத் தெரிந்தால் பேஜார், ஆகையால் ஒருத்தி படியில் காவல் நிற்பாள். அவர் வந்து பார்த்து, "மொத கோட்டு மெலிசு. அதான்" என்று மேலே இரண்டாவது கோட்டு அடிப்பார். அதுவும் உப்பும். இன்னும் ஒன்று. நாலாவது கோட்டு அடித்தபோது, சுவரின் தடிமனால் ரூம் சின்னதாகிவிட்டது என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம்.

கம்பெனியிலிருந்து குவாலிட்டி பார்க்கிற சார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். தும்பைப் பூ மாதிரி வெள்ளைச் சட்டை போடுகிற மனுஷன். அவர் வருகிறார் என்று தெரிந்து பாய் காலையிலேயே புதுசாக ஒரு கோட்டு கொடுத்து, ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தார். சார் வந்தார், சுவரைப் பார்த்தார். "நல்லா வெச்சிருக்கீங்களே" என்றபடி தோளைச் சாய்த்து நின்று அப்பர்களைப் புரட்ட ஆரம்பித்தார். திரும்பியபோது முதுகில் பாதி பழுப்பு. ஆப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பாய் மட்டும் தலையைச் சாய்த்து அந்தச் சட்டையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஷேடு கரெக்டா வந்திருக்கு சார்" என்றார்.

சட்டையோடு போயிருந்தால் சிரித்து முடித்திருக்கலாம். தைத்த அப்பர்களை அட்டைப் பெட்டியில் போட்டு அந்தச் சுவரோரம்தான் அடுக்குவோம். ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் அடியிலிருந்த தோல்களில் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளைப் பூசணம். ஆப்பா பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை அனுப்பக் கூடாது. திங்கக்கிழம கம்பெனிக்குப் போன் பண்ணி உள்ளதைச் சொல்லிடறேன்." சொல்லிவிட்டு ஒரு துக்கத்துக்காகப் பேரணாம்பட்டு போய்விட்டார். எங்களுக்கு ஞாயிறு லீவு.

திங்கட்கிழமை நாங்கள் வந்தபோது பெட்டிகள் டேப் ஒட்டி வேனில் ஏறிப் போய்விட்டிருந்தன. பாய் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பூசணத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு அப்பருக்கும் ஒரு மெல்லிசு கோட்டு கொடுத்தாராம். "புதுசு தோத்துடும்மா. நீங்க தெச்சதவிட நல்லா இருந்துச்சு" என்றார். ஆப்பா பஸ் இறங்கி வந்து அதைக் கேட்டுவிட்டு அப்படியே மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போன் பண்ணிப் பார்த்தார். சரக்கு இறங்கிவிட்டது என்றார்கள்.

இரண்டு வாரத்தில் மொத்தமும் திரும்பி வந்தது. கோட்டுக்கு அடியில் பூசணம் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறது. அழுக்கான தோலை அனுப்பியிருந்தால் கம்பெனி திட்டியிருக்கும், அவ்வளவுதான். மறைத்து அனுப்பியதை அவர்கள் மன்னிக்கத் தயாராக இல்லை. வேலை நின்றது. சார் வந்து ஆப்பாவிடம் நேராகச் சொன்னார்: "நாலு வருஷமா உங்க பேர்ல ஒரு புகார் இல்ல. அதுக்காக ஒரே ஒரு சான்ஸ் தர்றேன். ஐப்பசி மழை கொட்டும்போது வந்து பாப்பேன். செவுறு காஞ்சிருந்தா வேலை. இல்லன்னா மிஷினைக் கழட்டிக்கறோம்."

இந்தத் தடவை சார் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

அன்று பாய் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? லேக்கர் டின்னைத் திறந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டின்னை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். கவிழ்த்திருந்தாலும் ஷேடு எப்படி என்றுதான் பார்த்திருப்பார்.

ஆப்பா நேராகப் போய்ப் பாயின் அலமாரியிலிருந்து தோலுக்குப் போடுகிற சிவப்புச் சாயப் பொடியை எடுத்தார். இரண்டு குடம் தண்ணீரில் கரைத்து மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். மாடித் தண்ணீர் இறங்குகிற பைப்பில் ஊற்றினோம். அதன் பின்னால் இன்னும் பத்துக் குடம் வெறும் தண்ணீர். கீழே போய்க் காத்திருந்தோம். மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், பின்சுவர் மூலையில் பழுப்புக் கோட்டின் விளிம்பில் சிவப்பாகக் கசிந்து தரையில் ஓடியது.

ஆப்பா படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இங்க வாங்க. உங்க செவுத்துக்கு வேர்வை செவப்பா வருது."

பாய் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். தொட்டார். மோந்தார். "சாயம் நல்ல சாயம்" என்றார்.

விஷயம் இதுதான். மாடித் தண்ணீர் முன்பு பின்பக்கச் சுவரோரம் ஒரு சின்னக் கால்வாயில் விழுந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பாய் அதை மண் போட்டு மூடி, மேலே பூப்போட்ட டைல்ஸ் ஒட்டிவிட்டார். தண்ணீருக்குப் பூ தெரியுமா? அது டைல்ஸுக்குக் கீழே இறங்கிச் சுவரோரமாகவே தேங்கி, எங்கே வழி கிடைக்கும் என்று பார்த்து உள்ளே வந்துகொண்டிருந்தது. நாங்கள் மனசுக்குள் ஆற்று மேலே பழி போட்டதும் வீண், பாய் எங்கள் மூச்சு மேலே பழி போட்டதும் வீண்.

ஆப்பா அவரைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். கோபமாகப் பேசினால்கூட எங்களுக்குப் பயம் இருந்திருக்காது, அவ்வளவு அமைதியாகக் கேட்டார்.

"தோலுக்கு எந்தப் பக்கம் கோட்டு அடிப்பீங்க?"

"மேல்பக்கம்தான். மயிர் இருந்த பக்கம்."

"சதைப்பக்கம்?"

"சதைப்பக்கம் எவன் அடிப்பான்? மழை மேலதான வுழுது. அடியில அடிச்சா மேல நனைஞ்சு ஊறிப்பூடும். வேலைக்கு வந்த மொத நாளே சொல்லிக் குடுக்கறது இது."

"தண்ணி வெளியருந்து வருது. நீங்க உள்ள நின்னுக்குனு அடிக்கறீங்க. அப்போ இது எந்தப் பக்கம்?"

பாய் சுவரைப் பார்த்தார். அவருடைய வேலைநாளில் எத்தனை பேரை இதே தப்புக்காகத் திட்டியிருப்பாரோ தெரியாது. எனக்கு அப்போதுதான் முதல்முறையாக அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அது டீ வரும்வரைதான் நீடித்தது.

கொத்தனாரை வைத்து டைல்ஸைப் பெயர்த்து, பின்சுவரோரம் அடிமட்டம் வரைக்கும் பள்ளம் தோண்டினார்கள். பைப்பை நீட்டித் தெருக் கால்வாயில் விட்டார்கள். சுவரின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிக் கழுவிச் சிமெண்டு பூசினார்கள். உள்ளே இருந்த பாயின் கோட்டுகளையெல்லாம் நாங்களே கரண்டியால் சுரண்டி எடுத்தோம், சுவர் மூச்சு விட்டுக் காயட்டும் என்றார் கொத்தனார். வெளிச்சுவருக்குத் தார் கோட்டு அடிக்கும் நேரம் வந்தபோது, பாய் பள்ளத்துக்குள் இறங்கி, "யாரும் பிரஷ்ஷத் தொடாதீங்க" என்றார். அந்த வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை, உண்மை. ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. கன்னங்கரேலென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது.

வாழ்க்கையில் அவர் அடித்ததிலேயே நல்ல கோட்டு அது. அதைத்தான் ஜல்லியும் மண்ணும் போட்டு மூட வேண்டும்.

மனுஷன் மூட விடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். பழைய டேனரி தோஸ்த்துகளைக் கூப்பிட்டார், பள்ளிவாசலில் பார்த்தவர்களைக் கூட்டி வந்தார், காஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விடவில்லை. எல்லாரும் பள்ளத்து ஓரத்தில் வரிசையாக நின்று எட்டிப் பார்ப்பார்கள். "சும்மா பாத்தா போதாது. எறங்கி சாவியால கீறிப் பாருங்க. ஒரு கோடு வுழாது" என்பார். வானம் கறுத்த அன்று ஆப்பா, "மூடறீங்களா, உங்களையும் சேத்து மூடட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் மண் விழுந்தது, மேலே பழைய டைல்ஸ் திரும்ப ஏறியது. அதிலும் ஒரு ஓரத்தில் ஒரு டைல்ஸ் அகலத்துக்குக் குழியை மூடாமல் விட்டு, மேலே டைல்ஸை மூடி மாதிரி வைத்துக்கொண்டார். "எப்பவாச்சும் செக் பண்ண வேணும்ல" என்றார். செக் பண்ண நாள் தவறாமல் ஆள் வந்தது. மூடியைத் திறப்பார், சாவியைக் கையில் கொடுப்பார்.

அடைமழை பிடித்தது. முதல் நாள் ரூம் எலும்பாகக் காய்ந்திருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. ஆப்பா சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் வருவதாகச் சொன்ன அன்று காலையில், பின்சுவரில் ஒரே ஒரு இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். வெளியே போய் நேராக அந்த மூடியைத் தூக்கினேன். குழிக்குள் தண்ணீர். ஊரிலுள்ள சாவியெல்லாம் கீறிக் கீறி அந்த இடத்தில் தார் போய், சிமெண்டு போய், செங்கல்லே தெரிந்தது.

சாரின் வண்டிச் சத்தம் கேட்டது. பாய் கையில் டின்னும் பிரஷ்ஷுமாகப் படியிறங்கினார். ஆப்பா எழுந்து ஈரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"கீழ வைங்க அத."

"ஒரே ஒரு கோட்டு. அவர் பாத்துட்டுப் போற வரைக்கும்தான..."

"கீழ வைங்கன்னேன்."

வைத்தார். சார் உள்ளே வந்தார். நாங்கள் சுரண்டியதில் சுவர் சொறி பிடித்த மாதிரி இருந்தது, பார்க்கவே சகிக்காது. அவர் கேட்பதற்கு முன்னால் ஆப்பா நகர்ந்து நின்று கையைக் காட்டினார்: "சார், இந்த ஒரு எடத்துல வருது. ஏன் வருதுன்னு தெரியும். வெளிய ஒரு குழி திறந்து கெடக்கு. இன்னிக்கே மூடிடுவோம்."

சார் மற்ற சுவர்களைத் தொட்டுப் பார்த்தார். முதலில் ஒரு விரல். விரலைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உள்ளங்கை. அப்புறம் அந்த ஈரத்தின் பக்கத்தில் நின்று, "இத்தினி வருஷத்துல எங்கிட்ட லீக்க காட்டிக் குடுத்த மொத ஆள் நீங்கதாம்மா" என்றார். "குழிய மூடுங்க. அடுத்த வாரம் கட்டிங் தோல் அனுப்பறேன்."

ஆப்பா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தைரியமாக அழுதேன். அந்த நேரம் பார்த்துப் படியோரத்திலிருந்து பாயின் குரல் வந்தது.

"லீக்கு இல்ல சார், அது வேர்வை."

சார்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

மகள் பெரியவளானதும் நான் வேறு கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்விட்டேன். பளபளக்கிற அப்பர் கைக்கு வந்தால் முதலில் சதைப்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன், சூப்பர்வைசருக்கு அது ஏனென்று புரியாது. போன ரம்ஜானுக்கு ஆப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுவர் அதே சொறியோடு, பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது. சுண்ணாம்புகூட அடிக்க ஆப்பா விடவில்லையாம்.

பாய் தளர்ந்துவிட்டார், தாடி மட்டும் வாலிபத்தில் இருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அந்தக் குழியை மூடுனேன்ல, அத நீ பாக்கவே இல்லியே. வா, காட்டறேன்." மூடிய இடம் தெரியக் கூடாது என்று சிமெண்டு போட்டு, பக்கத்து டைல்ஸின் பூவுக்கும் நிறத்துக்கும் மேட்சாக ஒரு கோட்டு கொடுத்திருக்கிறார். குனிந்து கைத்தடியால் ஒரு டைல்ஸைத் தட்டினார். "இங்கதான்" என்றார். தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தட்டினார். "இல்ல, இது." நாலைந்து தட்டிப் பார்த்தார். திரும்ப முதல் டைல்ஸுக்கே வந்தார்.

"தேடட்டும் வுடு எஸ்தரு" என்று ஆப்பா ஜன்னலிலிருந்து என்னிடம் சொன்னார். "எடம் தெரிஞ்சா தொறந்துடுவார்."

பாய் மூச்சு வாங்க நிமிர்ந்து, அந்த வரிசை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா" என்றார். "எனக்கே தெரியல."